வெளிநாடு வாழ் அமெரிக்கர்களின் வரிக் கடமைகள்

வெளிநாடு வாழ் அமெரிக்கர்களின் வரிக் கடமைகள் என்பது, ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே வாழும் அந்நாட்டுக் குடிமக்களும், நிரந்தர வதிவிட அனுமதி (பச்சை அட்டை) பெற்றோரும் அந்நாட்டின் நடுவண் அரசுக்கு ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டிய வருமான வரி மற்றும் அறிக்கையிடல் கடமைகளைக் குறிக்கும். ஒருவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதையே உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளும் வருமான வரிக்கு அடிப்படையாகக் கொள்கின்றன. ஐக்கிய அமெரிக்காவோ வதிவிடத்துடன் குடியுரிமையையும் அடிப்படையாகக் கொள்கிறது. ஆகவே, அமெரிக்கக் குடிமகன் ஒருவர் பல ஆண்டுகள் அந்நாட்டில் காலடி வைக்காதிருந்தாலும், உலகில் எங்கு ஈட்டிய வருமானமாயினும் அதை அந்நாட்டு வரித்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவராவார். இத்தகைய முறையைப் பின்பற்றும் மற்றொரு நாடாக எரித்திரியா குறிப்பிடப்படுகிறது. அந்நாடு வெளிநாடு வாழும் தன் குடிமக்களிடம் 2 விழுக்காடு வரி கேட்கிறது.

இக்கடமைகள் இரு வகையின. ஒன்று வரி செலுத்துவது. மற்றொன்று விவரங்களைத் தெரிவிப்பது. வெளிநாட்டில் வாழும் பலர் செலுத்த வேண்டிய அமெரிக்க வரி சுழியமாகவே முடிகிறது. ஆனால் வரி இல்லை என்பதால் அறிக்கையிடும் கடமை நீங்குவதில்லை. பெரும் தண்டத் தொகைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் தவறுவதாலேயே ஏற்படுகின்றன. இவ்வேறுபாட்டை அறிவது இத்தலைப்பை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போரின் செலவுகளுக்காக 1861 இல் இயற்றப்பட்ட வருவாய்ச் சட்டமே அந்நாட்டின் முதல் வருமான வரிச் சட்டமாகும். அது 800 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 3 விழுக்காடு வரி விதித்தது. வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் அமெரிக்கச் சொத்துகளில் இருந்து பெறும் வருமானத்துக்கு அதைவிடக் கூடுதலாக 5 விழுக்காடு வரி குறிக்கப்பட்டது. போர்க்காலத்தில் நாட்டை விட்டு விலகியிருப்போரும் அதன் சுமையில் பங்கேற்க வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னணியில் இருந்தது. 1864 ஆம் ஆண்டின் சட்டம் வெளிநாடு வாழ் குடிமக்களின் உலகளாவிய வருமானத்தையும் வரிக்கு உட்படுத்தியது. போர்க்கால வருமான வரி 1872 இல் முடிவுக்கு வந்தது.

1913 இல் அமெரிக்க அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் நிறைவேறியபின் வருமான வரி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டில் வாழ்ந்தாலும் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் குடிமக்கள் அனைவருக்கும் அவ்வாண்டின் சட்டம் பொருந்தியது. மெக்சிக்கோ நகரில் வாழ்ந்த குக் என்னும் அமெரிக்கர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். தம் வீடும் சொத்தும் வருமானமும் மெக்சிக்கோவிலேயே இருப்பதால் அமெரிக்கா வரி கேட்க முடியாது என்பது அவரது வாதம். குடிமகன் எங்கிருந்தாலும் அரசின் பாதுகாப்பும் பயனும் அவரைச் சென்றடைகின்றன, எனவே வரி விதிக்கும் அதிகாரமும் அவரைத் தொடரும் என்று 1924 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குக் எதிர் டெய்ட் எனப்படும் இவ்வழக்கின் தீர்ப்பே இம்முறையின் சட்ட அடிப்படையாக இன்றும் விளங்குகிறது.

யாருக்குப் பொருந்தும்

பின்வருவோர் இக்கடமைகளுக்கு உட்பட்டவர்கள்:

- அமெரிக்காவில் பிறந்ததால் குடியுரிமை பெற்றவர்கள். பெற்றோர் மாணவராகவோ தற்காலிகப் பணியாளராகவோ இருந்த காலத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நாடு திரும்பியவர்களும் இதில் அடங்குவர்.
- குடியேறிப் பின்னர் குடியுரிமை பெற்றவர்கள்.
- வெளிநாட்டில் பிறந்து, அமெரிக்கப் பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெற்றவர்கள்.
- பச்சை அட்டை வைத்திருப்பவர்கள். அட்டையின் காலம் முடிந்துவிட்டது என்பதாலோ, நாடு திரும்பிவிட்டார் என்பதாலோ மட்டும் இக்கடமை முடிவதில்லை. பொதுவாக, அதற்குரிய படிவம் ஐ-407 வழியாக அனுமதியை முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும்போது படிவம் 1040 எனப்படும் ஆண்டு வரி அறிக்கையை அளிக்க வேண்டும். 2025 வரி ஆண்டில் 65 வயதுக்குட்பட்ட தனிநபருக்கு இவ்வரம்பு 15,750 டாலர் ஆகும். அமெரிக்கர் அல்லாத ஒருவரை மணந்து, தனியாக அறிக்கை அளிக்கும் அமெரிக்கருக்கு இவ்வரம்பு வெறும் 5 டாலர். சுயதொழில் செய்வோர் 400 டாலர் நிகர வருமானம் ஈட்டினாலே அறிக்கை அளிக்க வேண்டும்.

இரட்டை வரியைத் தவிர்க்கும் வழிகள்

வாழும் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே வருமானத்துக்காக இருமுறை வரி செலுத்தும் நிலையைத் தவிர்க்கச் சட்டத்தில் மூன்று முதன்மையான வழிகள் உள்ளன. இவை தாமாக நடைமுறைக்கு வருவதில்லை. உரிய படிவத்துடன் கோரினால் மட்டுமே கிடைக்கும்.

வெளிநாட்டு உழைப்பு வருமான விலக்கு

1926 முதல் நடைமுறையில் உள்ள இவ்விலக்கின்படி, வெளிநாட்டில் உழைத்து ஈட்டிய வருமானத்தில் ஒரு பகுதியை வரிக் கணக்கில் இருந்து நீக்கலாம். இதன் உச்ச வரம்பு 2024 இல் 126,500 டாலராகவும் 2025 இல் 130,000 டாலராகவும் இருந்தது. இதைக் கோருவதற்குப் படிவம் 2555 பயன்படுகிறது. தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். அல்லது ஒரு முழு வரி ஆண்டுக்கு வெளிநாடு ஒன்றின் உண்மையான வதிவாளராக இருந்திருக்க வேண்டும். ஊதியமும் தொழில் வருமானமும் மட்டுமே இதில் அடங்கும். வட்டி, ஈவுத்தொகை, வாடகை, ஓய்வூதியம் ஆகியன அடங்கா. அமெரிக்க அரசு ஊழியரின் சம்பளத்துக்கும் இவ்விலக்கு இல்லை.

வெளிநாட்டு வரி வரவு

1918 ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டத்தில் தோன்றிய இவ்வழியில், வெளிநாட்டு அரசுக்குச் செலுத்திய வருமான வரியை அமெரிக்க வரியில் இருந்து கழித்துக்கொள்ளலாம். இதற்குரியது படிவம் 1116 ஆகும். அவ்வருமானத்துக்குரிய அமெரிக்க வரியின் அளவு வரைதான் கழிக்க முடியும். மிஞ்சுவதை முந்தைய ஓர் ஆண்டுக்கோ, அடுத்த பத்து ஆண்டுகளுக்கோ எடுத்துச் செல்லலாம். விலக்களிக்கப்பட்ட வருமானத்துக்குச் செலுத்திய வரிக்கு வரவு கிடையாது.

வரி உடன்படிக்கைகள்

அமெரிக்கா பல நாடுகளுடன் வரி உடன்படிக்கை செய்துள்ளது. இந்தியாவுடனான உடன்படிக்கை 1989 இல் கையெழுத்தானது. எனினும் இவற்றில் பொதுவாகக் காணப்படும் காப்புக்கூறு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அமெரிக்கா தன் குடிமக்களுக்கு உடன்படிக்கை இல்லாதது போலவே வரி விதிக்க இடமளிக்கிறது. எனவே உடன்படிக்கை இருப்பதால் அறிக்கை அளிக்கத் தேவையில்லை என்று குடிமகன் ஒருவர் கருதுவது தவறாகும். சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுடன் அமெரிக்காவுக்கு முழுமையான வருமான வரி உடன்படிக்கை இல்லை.

எடுத்துக்காட்டு

2025 இல் 150,000 டாலர் ஊதியம் பெற்ற, திருமணமாகாத, வேறு வருமானம் இல்லாத அமெரிக்கர் ஒருவரைக் கருதுக.

அவர் வருமான வரி இல்லாத துபாயில் பணியாற்றினால், ஊதியத்தில் 130,000 டாலரை விலக்கலாம். மீதி 20,000 டாலரில் நிலைக் கழிவான 15,750 டாலரை நீக்க, வரிக்குரிய வருமானம் 4,250 டாலர் ஆகிறது. இத்தொகைக்கு அடிமட்ட விகிதம் பொருந்தாது. விலக்கப்பட்ட வருமானத்தின் மேல் இது அடுக்கப்பட்டதாகக் கொண்டு விகிதம் கணிக்கப்படுகிறது. அதன்படி 24 விழுக்காட்டில் 1,020 டாலர் வரி வரும்.

அதே ஊதியத்துக்கு 45,000 டாலர் வரி வாங்கும் ஐரோப்பிய நாடொன்றில் அவர் பணியாற்றினால், வரி வரவு ஏற்றது. 134,250 டாலர் வரிக்குரிய வருமானத்துக்கு அமெரிக்க வரி 25,067 டாலர் ஆகும். செலுத்திய வெளிநாட்டு வரி இதைவிடக் கூடுதல் என்பதால் அமெரிக்காவுக்குச் செலுத்த வேண்டியது ஏதுமில்லை. மிஞ்சும் 19,933 டாலர் வரவைப் பின்னாட்களுக்கு எடுத்துச் செல்லலாம்.

பொதுவாகக் கூறின், வரி குறைந்த நாடுகளில் விலக்கும், வரி மிகுந்த நாடுகளில் வரவும் பயன் தருகின்றன. ஒருமுறை தேர்ந்த விலக்கைக் கைவிட்டால், வரித்துறையின் இசைவின்றி ஐந்தாண்டுகளுக்கு மீண்டும் கோர முடியாது.

சமூகப் பாதுகாப்பு வரி

மேற்கூறிய விலக்கும் வரவும் வருமான வரிக்கு மட்டுமே உரியன. சுயதொழில் செய்வோர் சமூகப் பாதுகாப்புக்கும் மருத்துவக் காப்புக்கும் செலுத்தும் 15.3 விழுக்காட்டுச் சுயதொழில் வரி இவற்றால் குறைவதில்லை. இரு நாடுகளிலும் இத்தகைய வரியைச் செலுத்துவதைத் தடுக்கச் சில நாடுகளுடன் தனி ஒப்பந்தங்கள் உள்ளன. இந்தியாவுடன் அத்தகைய ஒப்பந்தம் இல்லை. ஆகவே சென்னையில் இருந்து தனித்தொழிலாக மென்பொருள் எழுதும் அமெரிக்கக் குடிமகன் ஒருவர், வருமான வரி சுழியமான ஆண்டிலும் சுயதொழில் வரி செலுத்த நேரிடும். இந்திய நிறுவனம் ஒன்றில் ஊழியராக இருப்பவருக்கு இச்சிக்கல் இல்லை.

அறிக்கையிடல் கடமைகள்

வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை

எஃப்பார் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வறிக்கை 1970 ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டத்தில் இருந்து தோன்றியது. வெளிநாட்டுக் கணக்குகள் அனைத்திலும் உள்ள தொகையின் கூட்டுத்தொகை, ஆண்டின் ஏதேனும் ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால் இதை அளிக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கும் அத்தொகையைத் தாண்ட வேண்டியதில்லை. சேமிப்புக் கணக்கில் 6,000 டாலரும் வைப்பு நிதியில் 5,000 டாலரும் இருந்தால் இரண்டையும் தெரிவிக்க வேண்டும். பிறருடைய கணக்கில் கையெழுத்திடும் உரிமை இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். முதிய பெற்றோரின் வங்கிக் கணக்கில் இணைக் கணக்குதாரராகப் பெயர் சேர்த்துக்கொண்ட பலர் இதனை அறியாமல் தவறுகின்றனர்.

இவ்வறிக்கை வரி அறிக்கையுடன் செல்வதில்லை. கருவூலத் துறையின் நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவுக்கு இணையம் வழியாகத் தனியே அனுப்பப்படுகிறது. வேண்டுமென்றே செய்யாத தவறுக்கும் சட்டம் 10,000 டாலர் வரை தண்டம் குறிக்கிறது. இத்தொகை பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தப்பட்டு வருகிறது. வேண்டுமென்றே மறைத்தால் தண்டம் கணக்கில் உள்ள தொகையில் பாதி வரை செல்லலாம்.

இத்தண்டம் கணக்கு ஒவ்வொன்றுக்குமா, ஆண்டறிக்கை ஒன்றுக்கா என்ற கேள்வி நெடுநாள் நிலவியது. உருமேனியாவில் பிறந்த அமெரிக்கரான பிட்னர் என்பவருக்கு, ஐந்து ஆண்டுகளின் அறிக்கைகளில் 272 கணக்குப் பதிவுகளுக்காக 27.2 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2023 இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், தண்டம் அறிக்கை ஒன்றுக்கு ஒன்றே எனத் தீர்ப்பளித்தது. அதன்படி அவரது தண்டம் 50,000 டாலராகக் குறைந்தது.

ஃபாட்கா

வெளிநாட்டுக் கணக்கு வரி இணக்கச் சட்டம் (ஃபாட்கா) 2010 இல் இயற்றப்பட்டு, 2014 இல் நடைமுறைக்கு வந்தது. இது உலகெங்கும் உள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம்மிடம் கணக்கு வைத்துள்ள அமெரிக்கர்களின் விவரங்களைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறுக்கும் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் இருந்து செல்லும் சில வகைத் தொகைகளில் 30 விழுக்காடு பிடித்தம் செய்யப்படும். இந்தியா 2015 சூலையில் இதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. இந்திய நிதி நிறுவனங்கள் விவரங்களை இந்திய வருமான வரித்துறைக்கு அளிக்க, அது அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. இந்தியாவில் வங்கிக் கணக்கோ பரஸ்பர நிதி முதலீடோ தொடங்கும் எவரிடமும், அவர் அமெரிக்கா சென்றறியாதவராயினும், பிறந்த நாடும் வரி வதிவிட நாடும் கேட்டு உறுதிமொழி வாங்கப்படுவது இச்சட்டத்தின் விளைவேயாகும்.

தனிநபரும் தம் வெளிநாட்டு நிதிச் சொத்துகளைப் படிவம் 8938 இல் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் தனிநபருக்கு ஆண்டிறுதியில் 200,000 டாலர், அல்லது ஆண்டின் எந்நாளிலேனும் 300,000 டாலர் என்பது வரம்பு. கூட்டாக அறிக்கை அளிக்கும் தம்பதியருக்கு இது இரு மடங்கு. எஃப்பார் அளித்தாலும் இப்படிவத்தைத் தனியே அளிக்க வேண்டும்.

அன்பளிப்புகள்

அமெரிக்கர் அல்லாத ஒருவரிடம் இருந்து ஓர் ஆண்டில் 100,000 டாலருக்கு மேல் அன்பளிப்பாகவோ மரபுரிமையாகவோ பெற்றால் படிவம் 3520 இல் தெரிவிக்க வேண்டும். இதற்கு வரி இல்லை. ஆனால் தெரிவிக்கத் தவறினால் பெற்ற தொகையில் 25 விழுக்காடு வரை தண்டம் விதிக்கப்படலாம்.

இந்தியாவில் வாழ்வோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பின் இந்தியா திரும்பியோரும், அங்கு பிறந்த குழந்தைகளும் பெரும்பாலும் கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டையுடன் அமெரிக்கக் குடிமக்களாகவே வாழ்கின்றனர். இவர்கள் எதிர்கொள்ளும் சில சிக்கல்கள் வருமாறு:

- நிதியாண்டு வேறுபாடு: இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அமெரிக்க வரி ஆண்டு சனவரி முதல் திசம்பர் வரை. ஆகவே சம்பளச் சீட்டு, வட்டிச் சான்று ஆகியவற்றை மாத வாரியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும்.
- விலக்குகள் ஒத்துப்போகாமை: பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு விலக்கு இல்லை. இந்தியாவில் வரி செலுத்தாததால் கழித்துக்கொள்ள வரவும் இராது.
- பரஸ்பர நிதிகள்: இந்தியப் பரஸ்பர நிதிகளைப் பொதுவாக வெளிநாட்டுச் செயலற்ற முதலீட்டு நிறுவனங்கள் என 1986 ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் வழி வந்த விதிகள் கருதுகின்றன. வேறு தெரிவுகள் செய்யாவிடில், விற்கும்போது கிடைக்கும் ஆதாயம் வைத்திருந்த ஆண்டுகளுக்குப் பகிரப்பட்டு, முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு அவ்வவ்வாண்டின் உச்ச விகிதத்தில் வரியும், அதன்மேல் வட்டியும் கணக்கிடப்படும். ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனியே படிவம் 8621 தேவைப்படலாம்.
- நாணய மாற்று: எல்லாக் கணக்கும் டாலரில் அமைய வேண்டும். ஒரு டாலர் 40 ரூபாயாக இருந்தபோது 40 இலட்சத்துக்கு வாங்கிய மனையை, ஒரு டாலர் 80 ரூபாயாக இருக்கும்போது 80 இலட்சத்துக்கு விற்றால், ரூபாயில் 40 இலட்சம் ஆதாயம் கிடைக்கிறது. டாலரில் ஆதாயமே இல்லை.
- குழந்தைகள்: அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் பெயரில் தாத்தா பாட்டி இட்ட வைப்பு நிதியும் கணக்கில் சேரும். அது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் அளிக்கும் கடமை குழந்தைக்கே உரியது. குழந்தையால் இயலாதபோது பெற்றோர் அதனை நிறைவேற்ற வேண்டும்.

காலக்கெடு

வரி அறிக்கைக்கான பொது நாள் ஏப்ரல் 15 ஆகும். அந்நாளில் வெளிநாட்டில் வாழ்ந்து, அங்கேயே தொழில் செய்வோருக்குச் சூன் 15 வரை தானாகவே கூடுதல் காலம் கிடைக்கும். படிவம் 4868 அளித்தால் அக்டோபர் 15 வரை நீட்டிக்கலாம். ஆயினும் செலுத்த வேண்டிய வரிக்கு ஏப்ரல் 15 முதலே வட்டி கணக்கிடப்படும். எஃப்பார் அறிக்கைக்கும் ஏப்ரல் 15 நாளாயினும், விண்ணப்பம் ஏதுமின்றி அக்டோபர் 15 வரை காலம் உண்டு.

வழக்கமாக அறிக்கை அளித்த மூன்று ஆண்டுகளுக்குப் பின் வரித்துறை அதனை மீண்டும் ஆராய இயலாது. அறிக்கையே அளிக்காத ஆண்டுக்கு இத்தகைய கால வரம்பு இல்லை. வரி ஏதும் இல்லாதபோதும் அறிக்கை அளிப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று. பெருந்தொகை வரிப் பாக்கி வைத்திருப்போரின் கடவுச்சீட்டை மறுக்கவும் நீக்கவும் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது. அதில் 50,000 டாலர் எனக் குறிக்கப்பட்ட வரம்பு பணவீக்கத்துக்கேற்ப உயர்கிறது.

தவறவிட்டவர்களுக்கான வழி

இக்கடமை தமக்கு உண்டு என்பதே அறியாமல் பல்லாண்டுகள் கழித்தவர்களுக்காக, 2012 இல் எளிமையாக்கப்பட்ட இணக்க நடைமுறை அறிமுகமாகி 2014 இல் விரிவாக்கப்பட்டது. வெளிநாட்டில் வாழ்வோர் கடந்த மூன்று ஆண்டுகளின் வரி அறிக்கைகளையும் ஆறு ஆண்டுகளின் எஃப்பார் அறிக்கைகளையும் அளிக்க வேண்டும். தவறு வேண்டுமென்றே செய்ததன்று என்பதற்கான காரணத்தையும் எழுத்தில் உறுதிமொழியாகத் தர வேண்டும். தகுதி பெற்றால் வரியும் வட்டியும் மட்டுமே செலுத்த வேண்டும்; தண்டம் இல்லை. வரித்துறை ஒருவர் மீது ஆய்வு தொடங்கிய பின் இவ்வழி அவருக்கு மூடப்படும். ஆகவே அறிந்தவுடன் தாமே முன்வருதல் முக்கியமானது.

குடியுரிமையைத் துறத்தல்

இக்கடமைகளில் இருந்து முற்றிலும் விடுபடக் குடியுரிமையைத் துறப்பதே வழியாகும். அமெரிக்கத் தூதரகத்தில் நேரில் உறுதிமொழி எடுக்க வேண்டும். 2010 இல் இதற்கு 450 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. 2014 இல் அது 2,350 டாலராக உயர்ந்தது. மீண்டும் 450 டாலராகக் குறைக்கும் திட்டம் 2023 இல் முன்மொழியப்பட்டது. துறப்பவர் கடைசி ஐந்து ஆண்டுகளின் வரிக் கடமைகளை நிறைவேற்றியதாகப் படிவம் 8854 இல் உறுதி கூற வேண்டும். அவ்வாறு கூற இயலாதவரும், 20 இலட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் நிகரச் சொத்து உள்ளவரும், 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியேற்ற வரிக்கு உட்படுவர். அவர்கள் தம் சொத்து முழுவதையும் முந்தைய நாள் விற்றுவிட்டதாகக் கொண்டு ஆதாயம் கணக்கிடப்படும். கடைசி 15 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் பச்சை அட்டை வைத்திருந்து, அதை ஒப்படைப்பவருக்கும் இவ்விதி பொருந்தும்.

விமர்சனங்கள்

இம்முறையை ஆதரிப்போர், வெளிநாட்டில் வாழும் குடிமகனும் வாக்குரிமை, தூதரக உதவி, எப்போது வேண்டுமாயினும் திரும்பும் உரிமை ஆகியவற்றைப் பெறுவதைச் சுட்டுகின்றனர். செல்வர்கள் வரி இல்லாத நாடுகளுக்குக் குடிபெயர்ந்து தப்புவதையும் இது தடுக்கிறது என்பர்.

எதிர்ப்போர், சுமை பெரும்பாலும் நடுத்தர வருவாயினர் மீதே விழுகிறது என்கின்றனர். வரியே இல்லாத ஓர் அறிக்கைக்குத் தணிக்கையாளருக்குப் பெருங்கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது. 10,000 டாலர் என்னும் எஃப்பார் வரம்பு பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தப்படவில்லை. ஃபாட்கா வந்தபின் அமெரிக்கர் என்பதாலேயே சில ஐரோப்பிய வங்கிகள் கணக்குத் தர மறுத்தன என்பன அவர்களின் குறைகள். தற்செயல் அமெரிக்கர் எனப்படுவோரின் நிலை சிறப்பாகக் குறிப்பிடப்படுகிறது. 1964 இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்து திரும்பிய போரிசு சான்சன், இலண்டன் மேயராக இருந்தபோது, தம் இலண்டன் வீட்டை விற்ற ஆதாயத்துக்கு அமெரிக்க வரி கேட்கப்பட்டதை 2014 இல் வெளிப்படுத்தினார். முதலில் மறுத்த அவர் பின்னர் அதைச் செலுத்தினார். 2016 இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார்.

வதிவிட அடிப்படைக்கு மாற வழிசெய்யும் சட்ட முன்வரைவு ஒன்று 2024 திசம்பரில் அமெரிக்கக் கீழவையில் முன்வைக்கப்பட்டது. அப்பேரவையின் காலம் 2025 சனவரியில் முடிந்ததால் அது நிறைவேறாமலே காலாவதியானது.

இவற்றையும் பார்க்க

- வருமான வரி
- இரட்டைக் குடியுரிமை
- இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை
- கடல்கடந்த இந்தியக் குடிமக்கள்